சிவப்பு செத்த வெள்ளை

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

இன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில்.

காலைக் கூட்டத்தில் எங்கள் பிரிவை நடத்தும் பெரியவர் எல்லார் முன்னாலும் மாவு அண்ணனைப் பார்த்து, "டப்பாவைத் திறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போனா இப்படித்தான் ஆகும்" என்றார். மாவு அண்ணன் டப்பாவைத் திறந்து போடுகிற ஆள் இல்லை. மூடி, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுத்தான் நகருவார். என் மேசையிலிருந்து தினமும் தெரியும். அதை நான் சொல்லவில்லை.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உனக்குப் புரியும். அம்மா எல்லாரிடமும் "சின்னவ பல்பு கம்பெனியில இருக்கா" என்கிறாள், அதை மறந்துவிடு. நாங்கள் செய்வது, திருகினால் வெள்ளை மாறுகிற விளக்கு. உள்ளே இருப்பவை நீல எல்.இ.டி.கள்தான். அவற்றின் மேல் மஞ்சள் பொடியைப் பசையில் குழைத்துச் சொட்டு வைப்போம். வருகிற நீலத்தில் ஒரு பங்கைப் பொடி விழுங்கி மஞ்சளாக்கித் துப்பும். மிச்ச நீலமும் அந்த மஞ்சளும் சேர்ந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. ஆனால் அது ஆளைப் பிணமாகக் காட்டும் வெள்ளை. கொஞ்சம் சிவப்புப் பொடியும் சேர்ந்தால்தான் முகத்தில் ரத்தம் ஓடும். பெட்டியில் பாஸ்பர் என்று எழுதியிருக்கும். இங்கே அதை மாவு என்போம். குழைக்கிறவர் மாவு அண்ணன்.

ஒரு விளக்கில் மூன்று வரிசை. ஒன்று காலை மாதிரிக் குளிர்ந்த வெள்ளை, ஒன்று சாயங்கால வெள்ளை, மூன்றாவதில் லேசாகப் பச்சை. முதல் இரண்டை மட்டும் கலந்தால் பாதி வழியில் வெள்ளை ரோஸ் அடித்துவிடும். பச்சை அதைப் பிடித்து இழுத்து நேராக்கும். திருகைச் சுற்றச் சுற்ற மூன்றும் ஏறி இறங்கும். பார்க்கிறவருக்கு வெள்ளை மட்டும்தான் தெரிய வேண்டும்.

அதைப் பார்த்துச் சரி சொல்வது நான். ஒரு பெட்டி, நடுவில் பலகை அடித்து இரண்டு அறை. இடது அறையில் எங்கள் நம்பிக்கைக்குரிய பழைய விளக்கு, வலது அறையில் புதுசு. நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். இரண்டிலும் ஒரே மாதிரி சிவப்பு நூல்கண்டு. மற்றவர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். நான் பலகையில் மூக்கை ஒட்டி உட்காருவேன். ஒரு கண்ணுக்கு ஓர் அறைதான் தெரியும். அப்படிப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம்கூட எட்டிக் குதிக்கும். போன வருடம் கருவி சரி என்ற ஒரு தொகுதியை நான் கூடாது என்றேன். பிரித்துப் பார்த்தபோது சிவப்பு மாவு ஈரம் பட்டுக் கெட்டிருந்தது. அன்றிலிருந்து பெரியவர் என் கண்ணைக் கம்பெனிச் சொத்து என்பார்.

இந்தத் தொகுதியிலும் சிவப்பு செத்திருக்கிறது. வலது அறையில் நூல்கண்டு செங்கல் மாதிரி இருக்கிறது. நான் சொன்னேன், மாவு அண்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் மூடித்தான் வைக்கிறார் என்று நான் சொன்னால், அப்புறம் எப்படிச் செத்தது என்று என்னைக் கேட்பார்கள். பதில் இல்லாததால் வாயை மூடிக்கொண்டேன். மதியத்திலிருந்து உட்கார முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை.

குட்டிக்குப் பல் வந்துவிட்டதா? அம்மாவின் முழங்கால்? மாமாவுக்கு இருமல் நின்றதா? எனக்கு ஒன்றுமில்லை. தூக்கம் சரியில்லை, கண் கொஞ்சம் அசதி.

உன் கோட்டான்

*

பிப்ரவரி 23

என் ஊமைக்கோட்டானுக்கு,

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. குட்டிக்கு இரண்டு பல். இரண்டையும் என் தோளில்தான் சோதித்துப் பார்க்கிறான். அம்மாவின் முழங்கால் மாடி ஏற வலிக்கிறது, பக்கத்து வீட்டுக்குக் கதை பேசப் போக வலிப்பதில்லை.

கடிதமெல்லாம் என் வேலையிடத்துக்கு வரட்டும் என்று நீ சொன்னது நல்ல யோசனை. போனில் உன்னோடு எங்கே பேசுவது? அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், மாமா பின்னாலிருந்து "என்னவாம்?" என்பார், குட்டி போனை நக்குவான். நீயும் "நல்லா இருக்கேன்" என்று இரண்டே வார்த்தையில் கடையைக் கட்டிவிடுவாய்.

உன் விளக்குப் பாடம் புரிந்தது. நானும் கண்ணை வைத்துப் பிழைக்கிறவள்தானே. பொய்ப்பல் செய்கிறவளிடம் வெள்ளை என்று ஒரே நிறமாகச் சொன்னால் சிரிப்பாள். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகாவிட்டால், அந்தப் பல்லைக் கட்டிக்கொண்டவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவார்.

ஒன்று கேட்கிறேன். "அவர் மூடித்தான் வைக்கிறார்" என்று எனக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்கு எழுதி என்னடி பிரயோஜனம்? நானா அவரைத் திட்டினேன்? அங்கே ஒரு வரி சொல்லியிருந்தால் இங்கே ஒரு பக்கம் மிச்சமாகியிருக்கும்.

கண்ணுக்கு வெள்ளரிக்காய் வை. பொழுது போகாமல் புத்தகம் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன்னைச் சுமந்து திரிந்த இடுப்போடு,
அக்கா

*

மார்ச் 8

அக்காவுக்கு,

உன் இடுப்புக்கும் அதில் இப்போது உட்கார்ந்திருக்கிறவனுக்கும் நலம் கேட்டேன் என்று சொல்.

இரண்டாவது தொகுதியிலும் சிவப்பு இல்லை. இந்தத் தடவை புது டப்பா, புது மாவு. குழைக்கும் அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் உதடு வெடிக்கிறது. அப்படியும் செங்கல்.

பெரியவரும் வந்து மூக்கை ஒட்டிப் பார்த்தார். அவர் கண்ணாடி பலகையில் டக்கென்று இடித்தது. கழற்றினால் அவருக்கு நூல்கண்டே தெரியாது. தள்ளி நின்று, "ரெண்டும் ஒண்ணாத்தானேம்மா இருக்கு?" என்றார்.

"தள்ளி நின்னா தெரியாது சார்."

"சரி, நீ சொன்னா சரிதான்."

பூசணி என்று நாங்கள் சொல்லும் அளவைக் கருவி ஒன்று இருக்கிறது. ஆள் உயரத்துக்கு, உள்ளே வெள்ளை பூசிய உருண்டை. விளக்கை அதற்குள் வைத்தால் எந்த நிறம் எவ்வளவு என்று சொல்லும். அது, சிவப்பு சரியாக இருக்கிறது என்கிறது. உள் பூச்சு பழுப்பேறியிருக்கும் என்று நான் சொன்னேன். சரிபார்க்க, செய்தவர்களிடமே அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை என் கண் மட்டும்தான்.

மாவு அண்ணன் என் மேசைக்கு வந்தார். கையெல்லாம் மஞ்சள்.

"நான் மூடலைன்னு நீங்களும் நினைக்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே அண்ணே."

"சொல்லலதான். இல்லன்னும் சொல்லலையே."

நான் கணினியைப் பார்த்தேன். அவர் விடவில்லை. "சரி, முறைக்காதீங்க."

"முறைக்கல அண்ணே."

"பின்ன என்ன, சாவி குடுத்த பொம்மை மாதிரி கழுத்தோட திரும்புறீங்க?"

கண்ணை ஓரமாகத் திருப்பினால் வலது பக்கம் உள்ளே வலிக்கிறது. அதனால் தலையைத் திருப்புகிறேன். இரண்டு மாதமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் யாருக்கும் வலிக்கும். அவரிடம் கழுத்துப் பிடிப்பு என்றேன். "தலகாணிய மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கோபத்திலும் அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒதுக்கிய விளக்குகளில் ஒன்றைப் பெரியவரிடம் கேட்டு வாங்கி உனக்கு அனுப்புகிறேன். திருகை நடுவில் வை. உன் பொய் ஈறுகளையும் பல்லையும் அதன் கீழே வைத்துப் பார். ஜன்னல் வெளிச்சத்திலும் பார். எனக்காக எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லாதே. நிறத்தில் உன்னை நம்புகிற அளவுக்கு வேறு யாரையும் நான் நம்புவதில்லை.

கோட்டான்

*

மார்ச் 20

கோட்டானே,

அனைவரும் சுகம். நானும் மிக மிகச் சுகம், காரணம் உன் விளக்கு.

அதை நான் திருப்பித் தரப்போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ சொன்னபடி நடுவில் வைத்தேன். ரோஸ் ஈறுத் தகடுகள் முழுவதையும் பரப்பினேன். பிறகு அதே தகடுகளை மத்தியான வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்தேன். திரும்பவும் விளக்குக்குக் கீழே. எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கத்து மேசையில் மெழுகில் பல் அச்சு எடுக்கிற மெழுகுக்காரியைக் கூப்பிட்டேன். அவள் தன் உதட்டைப் பிதுக்கி விளக்குக்குக் கீழே காட்டி, "என் வாய் இவ்வளவு அழகுன்னு எனக்கே தெரியாதுக்கா" என்றாள். எங்கள் பல் டாக்டரும் பார்த்தார். இன்னும் நாலு கிடைக்குமா என்று கேட்கிறார்.

சிவப்பு எங்கேயும் சாகவில்லை. செத்த சிவப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பழைய குழல் விளக்கில் எல்லார் ஈறும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். இது உயிரோடு இருக்கிறது. சாயங்காலப் பக்கம் திருப்பினாலும், காலைப் பக்கம் திருப்பினாலும் இருக்கிறது.

தப்பான பெட்டியை எடுத்து அனுப்பிவிட்டாயா? இல்லை, இதைத்தான் வேண்டாம் என்றாயா? இதை வேண்டாம் என்றால் உங்கள் கம்பெனிக்குத் திமிர் அதிகம்.

ஜன்னலோரம் குடியேறிவிட்ட
அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம்.

இங்கே நாலு நாளாக மழை. வீட்டுக்காரம்மாவின் பூனை என் ஜன்னல் கட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுக்கிறது. அறையில் கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றினேன். நேற்று திரும்பவும் மாற்றினேன். வாங்கிய நாவல் பாதியில் நிற்கிறது. ஏனோ படிக்கத் தோன்றவில்லை.

அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல். மாமாவைக் கேட்டதாகச் சொல். குட்டிக்கு மூன்றாவது பல் வந்ததா? மெழுகுக்காரியையும் கேட்டேன் என்று சொல்.

நாளை ஒரு கூட்டம் இருக்கிறது. மூன்றாவது தொகுதியைப் பற்றி.

கோட்டான்

*

ஏப்ரல் 12

கோட்டானுக்கு,

நாங்கள் நலம், நீ நலமில்லை.

என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்தாயா? முகம் தெரியாத மெழுகுக்காரிவரை நலம் விசாரித்திருக்கிறாய். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பான பெட்டியா என்று கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை. சாப்பாட்டை மறந்து புத்தகம் படிக்கிறவள் நாவலைப் பாதியில் நிறுத்தியிருக்கிறாய். உன் கையெழுத்து கோடு போட்ட தாள் இல்லாமலே நேராகப் போகும். இந்தத் தடவை எல்லா வரியும் வலப்பக்கம் போகப் போக மேலே ஏறுகிறது.

கூட்டத்தில் என்ன ஆயிற்று? அந்த மாவு மனுஷன் என்ன ஆனார்? உனக்கு என்ன? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். பூனை சௌக்கியமா என்று நான் கேட்கவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 29

அடியே,

கடிதம் வரவில்லை. நேற்று போனில் கூப்பிட்டேன். அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள், நீ "நல்லா இருக்கேன்" என்றாய். அம்மா சந்தோஷமாகிவிட்டாள். எனக்கு அந்தக் குரல் தெரியும். பள்ளிக்கூடத்தில் விழுந்து கை முறிந்ததை இரண்டு நாள் பாவாடைக்குள் ஒளித்து வைத்திருந்தாயே, அப்போது பேசிய குரல்.

எழுது. இல்லையென்றால் குட்டியை அம்மாவிடம் போட்டுவிட்டு நேரே வந்து நிற்பேன்.

அக்கா

*

மே 7

அக்கா,

எல்லாவற்றையும் எழுதுகிறேன். கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விளக்கு நல்ல விளக்கு. உன் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் பெட்டியில் விளக்குகளை இடம் மாற்றினேன். புதுசை இடது அறையில் வைத்தேன், பழசை வலது அறையில். மூக்கை ஒட்டினேன். புது விளக்கின் கீழே நூல்கண்டு ரத்தமாக இருந்தது. பழைய விளக்கின் கீழே செங்கல். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். பிறகு இரண்டு விளக்கையும் அணைத்துவிட்டு, நூல்கண்டை ஜன்னலுக்கு எடுத்துப் போய் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணுக்கு வெயிலிலும் செங்கல்தான்.

பூசணியைப் பழி சொன்னேன், மாவைச் சொன்னேன், ஈரத்தைச் சொன்னேன். நான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை மாவு அண்ணன் கூடக் கவனித்தார். எனக்கு உறைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே பாடம், வலது அறையில் நிறம் தப்பினால் வலது அறை விளக்கு தப்பு.

டாக்டரிடம் போனேன். அவர் மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை இடது கண்ணுக்குக் காட்டி, "இது நூறு சிவப்புன்னா, இப்ப எவ்வளவு?" என்று வலது கண்ணுக்குக் காட்டினார். ஐம்பது என்றேன். கண்ணில் கோளாறு இல்லையாம். அதன் பின்னால் மூளைக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறதாம். முதலில் போவது சிவப்புதானாம். மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். வலி போய்விட்டது. நிறம் மெதுவாக வரும், முழுக்க வருமா தெரியாது என்கிறார். இது இதோடு முடிகிற நோயாகவும் இருக்கலாம், பெரிய நோயின் முதல் தட்டலாகவும் இருக்கலாம். தலையைப் படம் எடுத்திருக்கிறார்கள், ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்தால்தான் சொல்ல முடியுமாம்.

இதை மட்டும் மறைத்திருந்தால் நீ என்னைத் திட்டிவிட்டு விட்டுவிடுவாய். மற்றதையும் சொல்கிறேன்.

ஏப்ரல் 3 கூட்டத்துக்கு நான் போகும்போது எனக்குத் தெரியும். என் கண்தான் என்று முந்தின நாளே தெரியும். பெரியவர் மூன்றாவது தொகுதியின் தாளைப் புரட்டி, "மூணு தடவை. இனிமே என்னால மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாது" என்றார். மாவு அண்ணன் எழுந்து நின்றார். எனக்காகப் பேசுகிற மாதிரிப் பேசினார்.

"அவங்க கண்ணு தப்பு பண்ணாது சார். அவங்க இல்லன்னா இல்லதான். ஆனா நான் மூடித்தான் வெச்சேன். ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்னு எனக்குத் தெரியல."

ரெண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அன்று சாயங்காலமே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் கரண்டிகளையெல்லாம் துடைத்து அடுக்கிவிட்டு, எல்லார் மேசைக்கும் வந்து சொல்லிக்கொண்டு போனார். என் மேசைக்கும் வந்தார்.

ஏன் என்று கேட்காதே. கேட்டால் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சொல்லாதவரை அது விளக்கின் கோளாறு. சொல்லிவிட்டால் அது நோய். அதற்கு ஒரு பெயர் வந்துவிடும், அம்மா அழுவாள், பெரியவர் என்னைப் பாவமாகப் பார்ப்பார், பெட்டிக்கு முன்னால் வேறு யாராவது உட்காருவார்கள். நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைகள் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டன. இன்னும் நான் அங்கே மூக்கை ஒட்டி உட்கார்ந்து எழுந்து வருகிறேன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் சரி என்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாதே.

*

மே 14

கோட்டானுக்கு,

நேற்று படித்தேன். கையிலிருந்த பல்லைக் கீழே போட்டு உடைத்தேன், அது யாருடைய முன்பல்லோ. மெழுகுக்காரி என்னைக் கழுவும் அறைக்குக் கூட்டிப் போய் முகத்தைக் கழுவிவிட்டாள்.

உன் கண்ணை நினைத்தால் ஓடி வந்து மடியில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த மனுஷனை நினைத்தால் உன் முதுகில் நாலு வைக்கத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே நிமிஷத்தில் தோன்றுகிறது, மாறி மாறி இல்லை.

உன் நோயை நீ யாருக்கும் சொல்ல வேண்டாம். அது உன் உடம்பு, உன் இஷ்டம். அம்மாவிடம் நான் மூச்சு விடமாட்டேன். ஆனால் அவர் வேலை உன் உடம்பில் ஒரு பாகம் இல்லையடி. அதை நீ ஒளித்து வைத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கீழே வை. செருப்பைப் போடு. போய்ச் சொல். "அக்காவுக்குப் பதில் எழுதிவிட்டுப் போகிறேன்" என்று உட்காராதே, உன்னை எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் லீவு சொல்லியிருக்கிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன்.

அக்கா

*

ஜூன் 1

அக்காவுக்கு,

நீ சொன்னபடி பதில் எழுதாமல் போனேன். முடிந்த பிறகு எழுதுகிறேன்.

பெரியவர் தனியாக இருந்தார். "சார், விளக்கெல்லாம் சரி. என் கண்ணுதான் சரியில்லை" என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பெட்டிக்கு அழைத்துப் போய் விளக்குகளை இடம் மாற்றி விளக்கினேன். பூசணியும் அந்த வாரம்தான் திரும்பி வந்திருந்தது, பூச்சில் ஒரு குறையும் இல்லை என்ற சான்றிதழோடு. அவர் அந்தத் தாளையும் என்னையும் பார்த்தார்.

"எப்ப தெரிஞ்சுது?"

"அவரை அனுப்புறதுக்கு முந்தின நாள்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதை ஏம்மா சொல்றே? இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே."

"ஆமா சார்."

அவருக்கு என் மேல் கோபம் வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "மொதல்ல உடம்பைப் பாரு" என்றார். நான் பயந்த அதே பார்வை.

மாவு அண்ணனைப் பார்க்க நானே போனேன். பெயிண்ட் கடையில் இருக்கிறார். கல்லாவுக்குப் பின்னால் நிறம் கலக்கும் இயந்திரம் ஒன்று. வருகிறவர் அட்டையில் நிறத்தைக் காட்டினால் இவர் பொத்தானை அமுக்குவார். என்னைப் பார்த்ததும், "என்ன, சுவருக்கு அடிக்கணுமா?" என்றார்.

நின்றபடியே சொன்னேன். பாதியில் ஒருவர் வந்து சந்தன நிறம் கேட்டார். அவரை அனுப்பும்வரை ஓரமாக நின்றேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன், முந்தின நாளே தெரியும் என்பதையும்.

அவர் ரொம்ப நேரம் டப்பா ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எந்தக் கண்ணு?" என்றார்.

"வலது."

"அப்ப இந்தப் பக்கமா வந்து நில்லுங்க. நல்ல கண்ணால பாத்துப் பேசுங்க."

நகர்ந்து நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"வேலை போனது போச்சு. ஊரு உலகத்துல வேலைக்கா பஞ்சம்? நான் உங்க கண்ண நம்பினேன். நம்பினதால என் கையை நம்பல. சாப்பிட உக்காந்தவன் பாதியில எந்திரிச்சுப் போய் உப்பு டப்பா மூடியிருக்கான்னு பாக்குறேன். வீட்டுக்காரி சிரிக்கிறா. கடைக்காரர் ஷட்டரைப் பூட்டச் சொன்னா நாலு தரம் இழுத்துப் பாக்குறேன். மறந்துதான் தொலைச்சிட்டமோ, நமக்குத்தான் தெரியலையோன்னு."

"நீங்க மூடித்தான் வெச்சீங்க அண்ணே. தினமும் நான் பாத்திருக்கேன்."

"தினமும் பாத்தீங்களா?"

"ஆமா."

"நல்லது" என்றார். அதை அவர் எப்படிச் சொன்னார் என்று என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. பெரியவர் திரும்பக் கூப்பிடுவார் என்றேன். "பாக்கலாம்" என்றார். அடுத்த ஆள் அட்டையோடு வந்து நின்றார்.

திரும்பும் வழியில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பேருந்திலிருந்து இறங்கி நடந்தேன். உட்கார்ந்து வர முடியவில்லை.

நீ வா. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அம்மாவிடம் நீ வந்த பிறகு நானே பேசுகிறேன்.

கோட்டான்

*

செப்டம்பர் 3

அக்காவுக்கு,

நீ இங்கே வந்து போனதில் என் அறை இன்னும் உன் ஒழுங்கில்தான் இருக்கிறது, எதையும் கலைக்கவில்லை. அம்மா தினமும் போன் செய்து "இப்ப எத்தனை செவப்பு?" என்று கேட்கிறாள். எண்பது என்றேன். டாக்டர் இதற்கு மேல் ஏறாமலும் போகலாம் என்கிறார். இரண்டாவது படம் நவம்பரில்.

பெட்டிக்கு முன்னால் இப்போது இரண்டு பேர் உட்காருகிறார்கள். விளக்குகளை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று விதி எழுதிக்கொடுத்தேன். நான் பூசணியோடு இருக்கிறேன், எண்களைக் குறிக்கிறேன்.

நான் ஒதுக்கிய மூன்று தொகுதிகளும் விற்பனைக்குப் போயின. ஒரு விளக்குகூடத் திரும்பி வரவில்லை. பெரியவர் ஜூனில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும் மாவு அண்ணனைக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் அவர் மரியாதையாகப் பேசினார். வரவில்லை. போன திங்கட்கிழமையிலிருந்து வேறு ஒருவர் மாவு குழைக்கிறார்.

கோட்டான்